ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய மூன்று வரி

அன்றைக்கு நான் கத்தியது ஒரு சின்னக் கேள்விக்காக. “நாளைக்கு என்ன சமைக்கிறது?” அவ்வளவுதான் மனைவி கேட்டது. “எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா?” என்று எகிறினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்த பையன் மறுபடி குனிந்துகொண்டான்.

அலுவலகத்தில் அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. வேலையும் வழக்கமானதுதான். வழியில் நெரிசல்கூட இல்லை. அப்படியிருக்க, வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் ஒரு சமையல் கேள்விக்கு ஏன் அப்படி வெடித்தேன்? இரவு வெகுநேரம் புரண்டு படுத்தும் விடை கிடைக்கவில்லை.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். சட்டைப் பையில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டேன். ‘இதுவா அதுவா, இப்போதா அப்புறமா’ என்று மனம் தயங்கி நிற்கிற ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு கோடு. அலாரத்தை அணைத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் படுக்கலாமா, நடக்கப் போகலாமா, எந்தச் சட்டை, வந்த செய்திக்கு இப்போதே பதில் போடலாமா, அந்தக் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமா... மதியத்துக்குள் நாற்பது கோட்டைத் தாண்டிவிட்டது. அலுத்துப்போய் அதோடு விட்டுவிட்டேன்.

எண்ணிக்கையைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த நாற்பதில் புதிதாக வந்த கேள்விகள் மூன்றோ நான்கோதான். மற்றதெல்லாம் நேற்றும் வந்தவை, முந்தாநாளும் வந்தவை. பெரும்பாலானவற்றுக்கு நேற்று சொன்ன பதிலையேதான் இன்றும் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரு இழுபறி நடந்தது மட்டும்தான் மிச்சம்.

முடிவெடுக்க எடுக்க மூளை களைத்துவிடும் என்று ஒரு கருத்து ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ராய் பௌமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து அது. மன உறுதி ஒரு தசை மாதிரி, வேலை கொடுத்தால் தளரும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. அதனால் மூளையை பேட்டரியோடு ஒப்பிடுகிற விளக்கத்தை நான் ஓரமாக வைத்துவிட்டேன். என் துண்டுத்தாளைப் பார்த்து எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு முடிவை எடுப்பதில் அவ்வளவு களைப்பு இல்லை. எடுத்த முடிவை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பதில்தான் உயிர் போகிறது. காலையில் நடக்கப் போவது என்று இரவே தீர்மானித்துவிட்டுப் படுக்கிறேன். அலாரம் அடித்ததும் அதே வழக்கு மறுவிசாரணைக்கு வந்துவிடுகிறது. வாதியும் நான், பிரதிவாதியும் நான், நீதிபதியும் நான். அதுவும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற நீதிபதி. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

சரி, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். சார்ட் பேப்பர், அடிக்கோல், மூன்று நிறப் பேனா. எழுந்திருக்கும் நேரத்திலிருந்து படுக்கும் நேரம் வரை 31 விதிகள். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “இதுல மூச்சு விடறதுக்கு எத்தனை மணி போட்டிருக்கீங்க?” என்றாள். பதினோராம் நாள் அதைக் கிழித்துப் போட்டேன்.

கிழித்த துண்டுகளைக் குப்பையில் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தது நல்லதாயிற்று. பாதி விதிகள் விதிகளே இல்லை. ‘கைபேசியைக் குறைவாகப் பார்ப்பது.’ ‘வீட்டில் கோபப்படாமல் பேசுவது.’ எப்போது, எங்கே, எதைக் கண்டதும் என்று ஒன்றுமே இல்லை. புத்தாண்டு சபதத்தை நிறப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். மீதிப் பாதியில் நேரம் எல்லாம் துல்லியமாக இருந்தது. ஆனால் ஒரு பேருந்து தாமதமானால் அன்றைய அட்டவணை முழுவதும் சரிந்துவிடும். சரிந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. ஆகவே சரிகிற ஒவ்வொரு நாளும் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று. எதிலிருந்து தப்பிக்க நினைத்தேனோ அதற்குள்ளேயே வந்து விழுந்தேன்.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த விஷயத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தேன். ‘இதைச் செய்வேன்’ என்று எண்ணுவது ஒன்று. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று கட்டி வைப்பது இன்னொன்று. அவரும் பாஸ்கல் ஷீரன் என்ற இன்னொரு உளவியலாளரும் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டாவது மாதிரி கட்டி வைத்தவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது கண்கூடாகக் கூடியிருந்தது. 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கடிதம் அனுப்பியது. சிலருக்கு வெறும் அறிவிப்பு. சிலருக்கு அதே அறிவிப்போடு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று தாங்களே எழுதிக்கொள்ள இடம். முதல் கூட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 33 சதவீதம். இரண்டாவது கூட்டத்தில் சுமார் 37. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் செலவு என்ன? இரண்டு வெற்றுக் கோடு.

இரண்டாம் தடவை மூன்றே மூன்று விஷயத்தோடு நிறுத்திக்கொண்டேன்: சமையல், நடை, ‘இல்லை’ சொல்வது.

சமையலுக்கு இரண்டு வாரப் பட்டியல் போட்டோம். நான் தனியாகப் போடவில்லை, நான்கு பேரும் உட்கார்ந்தோம். முதல் தடவை கற்ற பாடம் அது. வியாழக்கிழமை மிச்சம் மீதியைத் தீர்க்கும் நாள். சனிக்கிழமை காலியாக விட்டோம், அன்று யாருக்கு என்ன தோன்றுகிறதோ அது. “எனக்குப் பிடிக்காதது திங்கட்கிழமை வந்துட்டா?” என்றாள் மகள். மாற்றலாம், ஆனால் ஞாயிறு மாலை மட்டும்தான் மாற்றலாம் என்று சொன்னேன். பட்டியலைவிட முக்கியமான விதி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பட்டியல் போட்டும் போடாத கதைதான். மாற்றவே கூடாது என்றால் ஒரு மாதம் தாங்காது. மாற்றுவதற்கென்று ஒரு வாசல், அந்த வாசலுக்கு ஒரு நேரம்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. முன்பெல்லாம் சமையல் பிடிக்கவில்லை என்றால் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்து முணுமுணுப்பார்கள். இப்போது பட்டியல் தாளைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். அது பதிலுக்குக் கத்துவதில்லை.

நடைக்கு வருகிறேன். இதில் நான் செய்தது சின்ன வேலை. அலாரத்தைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்து ஷூ இருக்கும் இடத்தில் வைத்தேன். விதி: அலாரத்தை அணைத்த கை, ஷூவை எடுக்கும். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தாலும் அன்றைய கணக்கில் சேரும். மழை பெய்தால் மாடிப்படியில் பதினைந்து நிமிடம் ஏறி இறங்குவது. காய்ச்சல் என்றால் நடை இல்லை, கேள்வியும் இல்லை. மழையும் காய்ச்சலும் விதிக்குள்ளேயே வந்துவிட்டதால், ‘இன்றைக்கு மட்டும்’ என்று மனம் பேரம் பேச வரும்போது அதற்குக் கடையே திறந்திருப்பதில்லை. முனை வரை மட்டும் போய்த் திரும்பிய நாட்கள் முதல் மாதத்தில் ஆறு. மற்ற நாட்களில், முனைக்குப் போன கால் தானாகவே தொடர்ந்து நடந்துவிட்டது.

மூன்றாவதுதான் கஷ்டம். எனக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. பல வருடத்துக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டார். எதிரே உட்கார்ந்திருக்கிறார், கண் கலங்கியிருக்கிறது, பேனாவும் அவரே கொண்டுவந்திருக்கிறார். போட்டுவிட்டேன். ஒரு வருடத்தில் அவர் தவணை கட்டுவதை நிறுத்தினார், கடிதம் என் பெயருக்கு வந்தது. பத்தொன்பது மாதம் நான் கட்டினேன். பணம் போனதைவிட, கையெழுத்துப் போடும்போதே இது தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்ததே, அதுதான் இன்றும் குத்துகிறது. தெரியாமல் செய்யவில்லை. அந்த நேரத்தில், அந்த முகத்துக்கு எதிரே, யோசிக்க முடியவில்லை.

அதனால் முகம் எதிரே இல்லாத நேரத்தில் யோசித்தோம். மனைவியும் நானும் ஒரு மாலை பேசி இரண்டு முடிவு எடுத்தோம். ஜாமீன் கையெழுத்து யாருக்கும் கிடையாது, என் உடன்பிறப்புக்கும் கிடையாது. கைமாற்று கேட்டால், திரும்பி வராவிட்டாலும் மனம் கோணாத ஒரு தொகை வரை தரலாம். அது எவ்வளவு என்பதை வருடத் தொடக்கத்தில் பேசி வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை தீர்ந்துவிட்டால் அந்த வருடம் தீர்ந்தது.

முடிவு மட்டும் போதவில்லை, வாக்கியமும் தயாராக வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, ஜாமீன் மட்டும் போடறதில்லைன்னு வீட்டுல முடிவு பண்ணியிருக்கோம். வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்.” இதில் ‘போடமாட்டேன்’ என்று ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அது அவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். ‘போடறதில்லை’ என்றால் அவர் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம், அவருக்காகப் புதிதாகச் செய்தது இல்லை. நம் மொழி கொடுக்கிற வசதி இது. முதல் தடவை நிஜமாகவே சொல்ல நேர்ந்தபோது குரல் நடுங்கியது. எதிர்முனையில் ஒரு நொடி மௌனம். “சரிப்பா, பரவாயில்லை” என்றார். நான் இரண்டு நாள் தூக்கம் கெட்டுப்போவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அன்றிரவே தூங்கிவிட்டேன்.

தூக்கம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். படுக்கப் போகும் முன் நாளைய வேலைகளை ஒரு தாளில் எழுதிவிடுவது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், பாதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்பே தூங்கிவிட்டார்கள். சிறிய ஆய்வுதான். எனக்கு அது வேலை செய்கிறது. ஆனால் கைபேசியில் எழுதினால் நடக்காது, எழுதப்போன இடத்தில் அரை மணி நேரம் தொலைந்துவிடும்.

பொருள் வாங்குவது பற்றி ஒரே வரி. என்னென்ன இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு, மூன்றுக்கும் பொருந்துகிற முதல் பொருளை வாங்கிவிட்டு, அப்புறம் தேடாமல் இருப்பது. 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இந்தப் ‘போதும்’ என்கிற முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே வைத்திருந்தார். வாங்கிய பிறகு விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் என்னால் இன்னும் விட முடியவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். தப்பானாலும் குடி மூழ்கிவிடாது. பெரிய விஷயத்துக்கு இந்த முறை எவ்வளவு தேவை என்று எனக்கு விமானிகளைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கிறது. திடீரென்று ஒரு இன்ஜின் பழுதானால் நிறுத்துவதா, மேலே ஏறுவதா? யோசிக்க ஓரிரு நொடிகூடக் கிடையாது. ஆகவே அவர்கள் அங்கே யோசிப்பதில்லை. விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை எல்லாவற்றையும் வைத்து ஒரு வேகத்தை முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். வி-1 என்று அதற்குப் பெயர். அந்த வேகத்துக்கு முன்னால் இன்ஜின் போனால் நிறுத்துவது, தாண்டிய பிறகு போனால் ஏறிவிடுவது. தரையில் நிற்கும்போதே இதை விமானிகள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வேகம் வந்ததும் கேப்டன் இன்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். ‘நிறுத்திவிடலாமோ’ என்று கைக்கு ஆசை வந்துவிடக் கூடாதே, அதற்குத்தான்.

இதை நான் படித்தது அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்த வருடத்தில். இதயம் சரியாகப் பம்ப் செய்யாவிட்டால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும்.

ஒரு இரவு ஒன்றே முக்கால் இருக்கும். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அக்காவும் அந்த வாரம் எங்களோடு இருந்தாள். “டேய், கூட்டிட்டுப் போயிடலாம்டா” என்றாள். “போன வாரமும் இப்படித்தானே இருந்துச்சு, விடிஞ்சதும் சரியாயிடுச்சே” என்றேன் நான். அப்பா, “ஒண்ணுமில்லப்பா, ஜன்னலைத் திறந்து வை” என்றார். ஜன்னலைத் திறந்தேன். தலையணையை அடுக்கினோம். மருத்துவரின் எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா, இதற்குப் போய் ஆம்புலன்ஸா, நாமே காரில் போகலாமா, போனால் எங்கே, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது. அக்காவும் நானும் ஒரு கட்டத்தில் சண்டையே போட ஆரம்பித்துவிட்டோம், ஐந்து வருடத்துக்கு முந்தைய விஷயமெல்லாம் அதில் வந்துவிட்டது. அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மணி நான்கு.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், ஆக்ஸிஜன் முகமூடியைச் சரிசெய்துகொண்டே, “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்” என்றார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா மூன்று நாளில் வீடு திரும்பினார். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, வழக்கமாக எல்லோரும் கேட்பது போல ‘ஏதாவது ஆனா எப்ப வரணும் டாக்டர்?’ என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ‘சிரமமா இருந்தா உடனே வாங்க’ என்றுதான் பதில் வரும். சிரமம் எது என்பதில்தானே சண்டையே. இப்படிக் கேட்டேன்: “ராத்திரி ரெண்டு மணிக்கு, உங்களைக் கூப்பிட முடியாத நேரத்துல, நாங்க எதைப் பார்த்து முடிவு பண்ணணும்?” அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், அன்றே போன் செய்யவும். படுக்க முடியாமல், தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், விடியக் காத்திராமல் கிளம்பவும். நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாவது, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸ், காரைத் தேட வேண்டாம்.

என் அப்பாவின் உடம்புக்கு அவருடைய மருத்துவர் எழுதியது இது. வேறொருவருக்கு வரிகள் வேறாக இருக்கும், இதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதற்குக் கீழே எங்கள் பங்கு: எந்த மருத்துவமனை, எந்த வாசல், யார் கார் ஓட்டுவது, யார் பின் சீட்டில் அப்பாவோடு உட்காருவது, யார் பிள்ளைகளோடு இருப்பது. பழைய அறிக்கைகள், மருந்துப் பட்டியல், ஒரு சார்ஜர், ஒரு சால்வை எல்லாம் போட்டு ஒரு பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. காலையில் எழுந்து கழிவறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடுமுன், அதே எடை இயந்திரத்தில் அப்பா ஏறி நிற்பார். மகள் நோட்டில் குறிப்பாள். அவளுக்கு அது ஒரு பதவி மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, எண் மூன்று நாளில் 2.3 கிலோ கூடியிருந்தது. அப்பாவுக்கு வெளியில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. “நேத்து கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன், அதான்” என்றார். பழைய நானாக இருந்தால் அதை நம்பியிருப்பேன், நம்பத்தான் ஆசையாகவும் இருந்தது. தாளில் ‘அன்றே போன் செய்யவும்’ என்று இருந்தது. செய்தேன். நீர் பிரிவதற்கான மாத்திரையை மாற்றிச் சொன்னார்கள். நான்கு நாளில் எடை இறங்கியது. மருத்துவமனை வாசலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டிய சண்டை ஒன்று வராமலே போயிற்று.

இதற்குள் நான் பெரிய புத்திசாலி ஆகிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் ஒரு தப்பு செய்தேன். இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டாரைத் தவிர யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை என்று ஒரு விதி போட்டிருந்தேன். ஒருநாள் ஒன்பதரைக்கு ஒரு நண்பன் அழைத்தான். திரையில் அவன் பெயர். விதி விதிதான் என்று திருப்பி வைத்தேன். மறுபடி அழைத்தான். மறுபடியும் எடுக்கவில்லை. அவனுடைய அம்மா இறந்துவிட்டார் என்று காலையில்தான் தெரிந்தது. போய் நின்றபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு அழைப்பு பற்றி இன்றுவரை அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

விதி தப்பில்லை, அதில் ஒரு ஜன்னல் வைக்காததுதான் தப்பு. இப்போது, ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு தடவை அழைத்தால் எடுத்துவிடுவேன். இதற்கான வசதி பல கைபேசிகளில் ஏற்கனவே இருக்கிறது. தொந்தரவு வேண்டாம் என்று போட்டு வைத்திருந்தாலும், சில நிமிடத்துக்குள் அதே எண் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும். யாரோ ஒருவர் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார். நான்தான் கைபேசியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்கவில்லை.

முன்கூட்டி முடிவு செய்யவே கூடாதவையும் உண்டு. பையன் பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தால் என்ன சொல்வது என்பதற்கு விதி கிடையாது. மனைவியோடு வரும் மனத்தாங்கலுக்கும் கிடையாது. ஒரு தடவை, “நீங்க இப்ப எந்த விதிப்படி பேசறீங்க?” என்று கேட்டுவிட்டாள், அன்றோடு அது நின்றது. முகம் பார்த்துப் பேச வேண்டியவற்றை முகம் பார்த்துத்தான் பேச வேண்டும். ஜாமீன் மட்டும் விதிவிலக்கு.

விதிகளுக்கு வயதாகும் என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. பிள்ளைகளின் பள்ளி நேரம் மாறிய பிறகும் இரண்டு மாதம் பழைய சமையல் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு தேதி எழுதுகிறேன், மருந்துப் பெட்டியில் காலாவதித் தேதி போட்டிருப்பது மாதிரி. மூன்று மாதம். தேதி வந்தால் உட்கார்ந்து பார்ப்போம். பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

ஃபிரிட்ஜ் கதவுத் தாளுக்கும் அந்தத் தேதி வந்தது. மருத்துவரிடம் கேட்டாயிற்று, மூன்று வரியும் அப்படியே இருக்கட்டும் என்றார். நான் புதுத் தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். கை நடுக்கத்தோடு, மூன்றாம் வரிக்குக் கீழே, தன் கையெழுத்தில் எழுதினார்:

‘அப்பா வேண்டாம் என்று சொன்னாலும் கூட்டிப் போகவும்.’

எழுதிவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டார், பத்திரத்தில் போடுவது போல.

ஐந்து வாரம் கழித்து ஓர் இரவு, மூன்று மணி. எழுந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “விடியட்டும்பா, காலையில பார்த்துக்கலாம்” என்றார். நான் ஒன்றும் பேசாமல் போய்த் தாளைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியாது அவருக்கு. படிக்கவும் முயலவில்லை. தன் கையெழுத்து இருக்கும் இடத்தை மட்டும் ஒரு நொடி பார்த்தார்.

“அந்தச் சால்வையை எடு” என்றார்.